நனைந்த அட்டை

ஃபிர்மின் வெர்ஸ்டிகெலின் நோட்டுப்புத்தகங்கள் மொத்தம் ஒன்பது. பதினொரு வருடங்களில் அவற்றில் அவர் எழுதி வைத்த பீர்கள் இரண்டாயிரத்து நானூற்று ஆறு. நிறம், நுரை, மணம், ருசி, விழுங்கிய பிறகு நாக்கில் என்ன மிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி. ஆறாவது வரியில் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். நான்கைத் தொட்ட பீர் ஒன்றுகூட இல்லை. பெல்ஜியத்தில் பிறந்து, தடுக்கி விழுந்தால் பீர் காய்ச்சுமிடத்தின் வாசலில் விழக்கூடிய நினோவ் நகரத்தில் அறுபது வயது வரை வாழ்ந்தும் ஒரு மனிதருக்கு நல்ல பீரே கிடைக்கவில்லை என்பதை ஒருவிதச் சாதனை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் அளவைத் துறையில் ஆய்வாளர். பெட்ரோல் பங்கில் இருபது லிட்டர் என்று காட்டினால் உண்மையிலேயே இருபது லிட்டர் விழுகிறதா, கசாப்புக் கடைத் தராசு கட்டைவிரலையும் சேர்த்து நிறுக்கிறதா என்று பார்ப்பது வேலை. சோதனை எடைகளை வெறும் கையால் தொடமாட்டார். விரல் எண்ணெய் எடையைக் கூட்டிவிடுமாம். "உலகத்துல பாதி சண்டை, தராசு சரியில்லாததால வர்றது" என்பார். மீதிப் பாதி அவருடைய தராசு சரியாக இருப்பதால் வருவது என்று அவர் மனைவி லுட்கார்ட் சொல்வார்.

எனக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். வியாழக்கிழமை மாலைகளில் அந்த வீட்டுச் சமையலறை மேசையில் மூன்று பேர் உட்காருவோம். சதுரமாக வெட்டிய சீஸ், கடுகு விழுது, மூன்று பீர். அந்தந்த பீருக்கு அந்தந்தக் கோப்பை. எங்கள் ஊரில் ஒரு பீரை இன்னொன்றின் கோப்பையில் ஊற்றுவது, ஒருவர் பல்செட்டை இன்னொருவருக்கு மாட்டிவிடுவது போல. ஃபிர்மினிடம் அப்படி முந்நூறுக்கு மேற்பட்ட கோப்பைகள் நிலவறையில் இருந்த மாமியார் வீட்டு ஓக் அலமாரியில் வரிசையாக இருந்தன. தூசி விழக்கூடாதென்று கவிழ்த்து வைத்திருந்தார். விளிம்பு சில்லு போகக்கூடாதென்று தட்டுகளுக்கு அட்டை வெட்டி விரித்திருந்தார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அதுதான் அவருடன் பழகுவதில் உள்ள சிரமம்.

அவர் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய மூக்கு, கூர்மையான மூக்கு. ஊற்றுவார், சுழற்றுவார், மூக்கை உள்ளே விடுவார், கண்ணை மூடுவார். நாங்கள் சீஸ் தின்போம். பிறகு வாய் திறப்பார்.

"நனைஞ்ச அட்டை."

பீர் ருசிப்பவர்களிடம் இது புழக்கத்தில் உள்ள சொல்தான். பாட்டிலில் காற்றுப் புகுந்து பீர் பழசானால் அப்படி ஒரு வாசனை அடிக்கும். கெட்ட பீருக்கு இது நியாயம். ஃபிர்மினுக்கு எல்லா பீரிலும் அடித்தது. சிலவற்றில் தூக்கலாக, சிலவற்றில் மெல்லிசாக. ஒவ்வொன்றுக்கும் அரையோ முக்காலோ மதிப்பெண் கழிந்தது.

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்று நான் சொல்வேன்.

"உனக்கு எப்படி வரும்? கோப்பையைப் போய்க் குழாய்ல அலசிட்டு வந்து உக்கார்றே. தண்ணியில குளோரின் இருக்கு. குளோரினை மோந்துக்கிட்டு பீரைப் பத்திப் பேசறே."

எங்கள் ஊரில் பீர் ஊற்றுவதற்கு முன் கோப்பையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசாதவர் கிடையாது. நுரை ஒழுங்காக நிற்க அதுதான் வழி. மதுக்கடைக்காரர் அலசுவார், பாதிரியார் அலசுவார், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அலசுவார். லுட்கார்ட் அலசுவார். ஃபிர்மின் மட்டும் அலசமாட்டார். அலமாரியிலிருந்து எடுத்த காய்ந்த கோப்பை, அப்படியே. துல்லியம்.

இதில் இன்னொரு வேடிக்கை, மதுக்கடையில் உட்கார்ந்தால் அதே மனிதர் அதே பீரைக் குறை சொல்லாமல் மூன்று குடிப்பார். கேட்டேன். "அங்க குடிக்கிறேன். இங்க வேலை பாக்கறேன்" என்றார்.

இதெல்லாம் ஒரு மனிதரின் வீட்டு விஷயமாக முடிந்திருக்கலாம். லுட்கார்டின் தம்பி வான்னெஸ் பீர் காய்ச்ச ஆரம்பித்ததால் முடியவில்லை.

வான்னெஸ் கூரை வேலைக்காரன். பள்ளிக்கூடப் பையனாக இருந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அவன் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் கொப்பரை வாங்கிப் போட்டு, 'கறுப்பு மதகு' என்று ஒரு கரும்பீர் செய்தான். குடித்தவர்கள் எல்லோரும் "மோசமில்லை" என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கல்யாணம் எப்படி, மோசமில்லை. பேரன் எப்படி, மோசமில்லை. அறுவை சிகிச்சையில் பிழைத்து வந்தவரும் அதையே சொல்வார். ஆனால் பீர் காய்ச்சுகிறவன் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அதனால் காரணம் சொல்லத் தெரிந்த ஒரே ஆளிடம் பாட்டிலைக் கொண்டுவந்தான்.

ஃபிர்மின் 2.9 போட்டார். நனைந்த அட்டை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் வான்னெஸ் அந்த அட்டையைத் தேடினான். மூடி அடிக்கும் இயந்திரத்தை மாற்றினான். குழாய்களைக் கழற்றிக் கழுவினான். பழைய பார்லியைத் தள்ளிவிட்டார் என்று மால்ட் கொடுப்பவருடன் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினான். ஆறு முறை புதிதாகக் காய்ச்சி ஆறு முறை கொண்டுவந்தான். 3.1. 3.0. 3.2. ஒவ்வொரு முறையும் ஃபிர்மினுக்கும் முகம் விழும். மைத்துனனுக்கு ஒரு நான்கு போட வேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அதைச் சொன்னதும், லுட்கார்ட் திருப்பிக் கேட்டதும் என் காதில் விழுந்தன.

"பொய்யா ஒரு நாலு போட்டா என்ன குறைஞ்சா போயிடுவே? உன் நோட்டை யாரு படிக்கிறா?"

"நான் படிக்கிறேன் லுட்கார்ட்."

இந்த வருடம் ஈஸ்டருக்கு முன் வான்னெஸ் முடிவாகச் சொல்லிவிட்டான். "ஆல்ஸ்ட்ல ஒருத்தர் கொப்பரையைக் கேக்கறாரு மச்சான். ஈஸ்டர் திங்கக்கிழமை ஏழாவது தடவை கொண்டு வர்றேன். அன்னைக்கும் அட்டை வந்துச்சுன்னா செவ்வாக்கிழமை கொப்பரையை ஏத்தி அனுப்பிட்டு நான் கூரை மேலயே கிடந்துக்கறேன்."

"என் மூக்கு மேல ஏன்யா பாரத்தை வைக்கிறே?" என்றார் ஃபிர்மின்.

"வேற எவன் மூக்கு மேல வைக்கிறது? மத்தவன்லாம் மோசமில்லைங்கறான்."

ஈஸ்டர் திங்கட்கிழமை மதியம் மூன்று மணி. முயல் குழம்பு தின்ற தட்டுகளை எடுத்தாயிற்று. வான்னெஸ் நான்கு பாட்டில் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கூடவே அவன் அச்சடித்து வாங்கியிருந்த கறுப்பு மதகுக் கோப்பை இரண்டு. ஃபிர்மின் அவற்றை ஒதுக்கிவிட்டு நிலவறைக்குப் போய்த் தன் அலமாரியில் இருந்த அதே கோப்பையை எடுத்துவந்தார். "ஆறு தடவையும் இதுலதான் பாத்தேன். நடுவுல அளவுகோலை மாத்தக்கூடாது."

ஊற்றினார். நுரை அழகாக எழுந்தது. சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். வான்னெஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஏணி வழுக்கும் நேரத்தில் பிடிப்பதுபோல.

ஃபிர்மின் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு முறை முகர்ந்தார். வேறு ஏதாவது வரட்டுமே என்று அவர் பாடுபடுவது எனக்கே தெரிந்தது.

"சொல்லித் தொலை."

"மாப்ள... போன தடவைக்கு இது எவ்வளவோ மேல. சாக்லேட் மாதிரி ஒண்ணு வருது, பிளம்ஸ் வருது..."

"அட்டை வருதா?"

"வருது."

வான்னெஸ் கோட்டை எடுத்தான். "சரி. நாளைக்கு ஏத்திடறேன்."

"கோவிச்சுக்காதேடா. நான் என்ன பண்ணட்டும்? வர்றது வருதுன்னுதானே சொல்ல முடியும்?"

"மூணு வருஷம்! ரப்பர் வளையம் வரைக்கும் மாத்திட்டேன் மச்சான்! இனி மாத்தறதுக்கு நான் ஒருத்தன்தான் பாக்கி!"

"கத்தாதே, பக்கத்து வீட்டுல கேக்கும்" என்றார் ஃபிர்மின், என்னைப் பார்த்துக்கொண்டே.

அப்போதுதான் லுட்கார்ட் எழுந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் அப்போதுதான் கழுவிக் கவிழ்த்திருந்த காப்பிக் கோப்பை ஒன்றை எடுத்தார். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. நீலப்பூ போட்டது, கைப்பிடி உள்ளது. இரண்டாவது பாட்டிலைத் திறந்து அதில் ஊற்றிக் கணவர் முன்னால் டக்கென்று வைத்தார்.

காப்பிக் கோப்பையில் பீரை நான் அதுவரை பார்த்ததில்லை. வான்னெஸுக்குக்கூடக் கோபத்தை மீறி முகம் சுளித்தது.

"என்ன இது?" என்றார் ஃபிர்மின்.

"மோந்து பாரு."

"காப்பிக் கோப்பையில பீரை மோந்து பாக்கறதா? நான் என்ன காட்டுமிராண்டியா?"

"மூணு வருஷமா என் தம்பியை அலைய விட்டிருக்கே. காட்டுமிராண்டியாவே இருந்துட்டுப் போ. மோந்து பாரு."

முகர்ந்தார். நிமிர்ந்தார். மறுபடி முகர்ந்தார். இந்த முறை வெகுநேரம். பிறகு தன் கோப்பையை எடுத்து முகர்ந்தார். மறுபடி காப்பிக் கோப்பை. முகத்தில் இருந்த நிறம் கழுத்துக்குக் கீழே எங்கோ இறங்கியது.

எழுந்து நிலவறைப் படியில் இறங்கினார். நாங்கள் பின்னால் போனோம். அலமாரியைத் திறந்து, கவிழ்ந்திருந்த ஒரு வெறுங்கோப்பையை எடுத்து மூக்கில் வைத்தார். அதை வான்னெஸிடம் நீட்டினார். வான்னெஸ் முகர்ந்து என்னிடம் நீட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கும் வந்தது. தட்டில் விரித்திருந்த அட்டையின் ஒரு மூலையை வான்னெஸ் கிள்ளினான். மழைக்காலத்தில் ஊர் ஆற்றில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் வியர்க்கும் நிலவறை அது; அட்டை ரொட்டி போலப் பிய்ந்து வந்தது.

ஆக, ஃபிர்மினின் மூக்கு ஒருநாளும் தப்பு செய்யவில்லை. நனைந்த அட்டை என்று அவர் சொன்ன இரண்டாயிரத்து நானூற்று ஆறு முறையும் அங்கே நனைந்த அட்டை இருந்தது. இவ்வளவு சரியான மூக்கு இவ்வளவு தவறான முடிவுக்கு வந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாங்கள் அலசிய அலசலில் அது போய்விட்டது. அவருடைய துல்லியத்தில் அது தங்கிவிட்டது.

முதலில் சிரித்தவர் லுட்கார்ட். மேல்படியில் உட்கார்ந்து, ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுவதுபோலச் சிரித்தார்.

வான்னெஸ் சிரிக்கவில்லை. "மால்ட்காரர் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகலை" என்றான். "பார்லி கெட்டதுன்னு நான் அவரைத் திட்டினதால என்னைக் கூப்பிடலை."

"மாப்ள..."

"பேசாதே. நம்பர் சொல்லு. இப்ப ஒழுங்கான கோப்பையில குடிச்சு நம்பர் சொல்லு. அதைக் கேட்டுட்டுக் கொப்பரையை என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன்."

வான்னெஸ் கொண்டுவந்த புதுக் கோப்பையை ஃபிர்மின் தன் கையாலேயே குழாயில் அலசினார். பதினொரு வருடத்தில் முதல் தடவை. மூன்றாவது பாட்டிலை ஊற்றினார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய். அந்த இரண்டாவது வாய்க்கு அப்புறம் அவர் கண்ணில் நீர் கோத்தது என்று நான் சத்தியம் செய்வேன். கேட்டால் கடுகு என்பார்.

"மோசமில்லை" என்றார்.

"நம்பர்!"

ஃபிர்மின் நோட்டைத் திறந்தார். பேனா நின்றது. எழுதினார். வான்னெஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"3.9-ஆ? ஏன்யா, ஏன்? அந்த ஒரு புள்ளி எதுக்கு?"

"கொஞ்சமா குளோரின் வருது" என்றார் ஃபிர்மின், உண்மையான வருத்தத்துடன். "நீ என்ன பண்ணுவே. தண்ணி அப்படி."

மீதமிருந்த ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வான்னெஸ் கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் என் வீட்டில் கடிகாரம் கோணியது.

கொப்பரை ஆல்ஸ்டுக்குப் போகவில்லை. மூன்று வருடம் இல்லாத குற்றத்தைத் தேடிக் கழுவியும் மாற்றியும் வந்ததில் அந்த பீர் இந்த வட்டாரத்திலேயே சுத்தமானதாக ஆகிவிட்டிருந்தது. ஃபிர்மின் முதலிலேயே அலசிய கோப்பையில் முகர்ந்திருந்தால் அது சுமாரான பீராகவே நின்றிருக்கும். இதை வான்னெஸிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இனி இந்தப் பேச்சை எடுத்தால் என் கூரைக்கு ஓடு மாற்ற வரமாட்டேன் என்றான். மால்ட்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். ஃபிர்மினுடன் இன்னும் பேசவில்லை. ஃபிர்மின் அலமாரியை உடைத்து விறகாக்கிவிட்டு, ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி ருசி பார்க்க ஆரம்பித்திருக்கிறார். அவற்றில் முந்நூறு பீரை இப்போது எவரும் காய்ச்சுவதில்லை என்பது அவரைத் தூங்கவிடுவதில்லை.

ஜூனில் கறுப்பு மதகுக்குப் புது லேபிள் வந்தது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'ஊற்றும் முன் கோப்பையை அலசவும்.' எங்கள் ஊரில் இதை அச்சடிப்பது, சாப்பிடும் முன் வாயைத் திறக்கவும் என்று எழுதுவது போல. மதுக்கடையில் எல்லோரும் வான்னெஸைக் கேலி செய்தார்கள். அந்த வரி யாருக்கென்று தெரிந்தவர்கள் நாலு பேர்தான்.

போன வியாழக்கிழமை அந்தப் பாட்டில் ஒன்றை நான் வாங்கிப் போய் மேசையில் வைத்தேன். ஃபிர்மின் கண்ணாடி மாட்டிக்கொண்டு லேபிளை வெகுநேரம் படித்தார்.

"எந்தத் தண்ணியிலன்னு போடலையே" என்றார்.