பூட்டன் ஏறிய மரம்

சென்ற மாதம் பழனிசெட்டிபட்டியில் என் தம்பி வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். பாயசத்தில் ஏலக்காயைக் கொஞ்சம் தாராளமாகவே தட்டிப் போட்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்கு என்ன நினைவு வருமோ, எங்கள் குடும்பத்துக்கு யானைதான் வரும். சித்தப்பா புதுச் சம்பந்திகளை உட்கார வைத்துத் தொடங்கிவிட்டார்.

"எங்க தாத்தா ஒத்த ஆளா நின்னு, ஈட்டியால யானையக் குத்திக் கொன்னவரு!"

நான் சிறுமியாக இருந்தபோது ஒன்றாக இருந்த யானை, பாயசம் ஆறுவதற்குள் மூன்றாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்று உங்களிடம் சொல்வதில் தவறில்லை.

அந்தத் தாத்தா எனக்குப் பூட்டன். பெயர் வேறு வீரணன். ஏலத்தோட்டம் போட அனுமந்தன்பட்டியிலிருந்து மலையேறி, முதன்முதலில் காடு வெட்டியவர்களில் ஒருவர். காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார்.

அவருடைய பேரனான என் அப்பா பள்ளிக்கூடத்தில் கிளார்க். வழியில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருவார். "யானையக் கொன்னவரு பேரனப் பாருங்க" என்று சித்தப்பா சிரிப்பார். அப்பாவும் கூடவே சிரிப்பார். சிரித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பார். அந்தப் பயத்தில் பாதியாவது எனக்கும் வந்திருக்க வேண்டும். ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தலைமையாசிரியர் வகுப்புக்குள் வந்ததும் சாக்பீஸைத் தவறவிட்டவள் நான்.

அந்த வருடம்தான் அப்பா திடீரென்று கேட்டார். "தாத்தாவ எங்கன பொதச்சாகன்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவமா ஆத்தா?"

கம்பத்திலிருந்து மலைப் பஸ். ஒவ்வொரு வளைவிலும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தைரியம் சொல்வதுபோல அவர் கையைப் பிடித்திருந்தேன். வியர்த்தது என் கைதான். மேலே இறங்கி டீக்கடை டீக்கடையாக விசாரித்ததில், வர்க்கி என்ற வயதான மலையாள விவசாயியிடம் அனுப்பினார்கள். அவருடைய அப்பாவும் பூட்டனும் சேர்ந்து காடு வெட்டியவர்களாம்.

பெயரைக் கேட்டதும் வர்க்கி வாய்விட்டுச் சிரித்தார்.

"வீரணனா! ஆனைன்னு யாராச்சும் சொன்னாப் போதும், அவரு மரத்து மேல இருப்பாரு!"

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது. வர்க்கி எங்களை வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பலாமரத்தடிக்கு அழைத்துப் போனார். அதன் மேல்தான் பூட்டன் பரண் கட்டிக் குடியிருந்தாராம். அடியில் பாசி படிந்த ஒரு கல். அதுதான் சமாதி.

"பயந்த ஆளுக்குத்தான் காது நல்லாக் கேக்கும். தூரத்துல மூங்கில் முறிஞ்சாலே தகரத்தத் தட்டி எல்லாரையும் எழுப்பிருவாரு. இந்தச் சரிவுல ஆனை ஒருத்தரையும் கொன்னதில்ல. வீரணன் பயந்தாரு, நாம பொழச்சோம்னு எங்கப்பன் எப்பவும் சொல்லும்."

அப்பா கல்லருகே மெதுவாக உட்கார்ந்தார். "அவுகளும் பயந்தாகளா?" என்றார். இன்னொரு முறை, "அவுகளும் பயந்தாகளா?" சிரிக்கத் தொடங்கியவருக்கு நடுவில் கண்ணீர் வந்துவிட்டது. வர்க்கி உள்ளே போய்ப் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்: "ஒஞ் சித்தப்பன்கிட்டச் சொல்லிராத ஆத்தா. அந்தக் கதைய வச்சுத்தான் அவன் நிமிந்து நடக்கான்."

சொல்லவில்லை. அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. போன கோடையில் தனியாக ஒரு முறை மலைக்குப் போனேன். வர்க்கியும் இல்லை, பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். சாலையை அகலப்படுத்தியதில் பலாமரம் போயிருந்தது, கல்லும் போயிருந்தது. சரிவில் ஒரு லாட்ஜ். இங்கே யானை வருமா என்று ஜீப்காரரிடம் கேட்டேன்.

"யானையா? அதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சும்மா."

பயப்பட அந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. பயந்த பூட்டனும் இல்லை, அப்பாவும் இல்லை.