வனஜாவின் பாதி

வனஜாவுக்கு அந்தக் கறுப்புப் பெட்டியை முதலில் பிடிக்கவே இல்லை. தீபாவளி போனஸில் பாஸ்கர் அதை வாங்கி வந்து புனேயின் ஔந்த் பகுதியில் இருந்த வீட்டு டிவிக்குக் கீழே வைத்தபோது, விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு செலவா என்று அவள் முகம் சுண்டிப்போனது. சாஃப்ட்வேர் கம்பெனி வேலைக்காரன் அவன். பதிலைத் தயாராக வைத்திருந்தான்.

"வெறும் கேம் பெட்டி இல்ல வனஜா. இதுலயே இன்னொரு சிஸ்டமும் போட்டுக்கலாம்னு கம்பெனிக்காரனே சொல்றான். கீபோர்டு மாட்டினா கம்ப்யூட்டர். நீ படிச்சது மறந்து போகாம இருக்கோணுமல்ல?"

அவன் சாக்குக்காகச் சொன்னதை அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். கோயம்புத்தூரில் சிவில் டிப்ளமோ முடித்து, ஒரு இன்ஜினியரிடம் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தவள். கல்யாணமாகி புனே வந்த பிறகு, மராத்தி தெரியாமல் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் வெறுங்கையோடு திரும்பியவள். பாஸ்கர் போட்டுக்கொடுத்த இலவச சிஸ்டத்தில் பிளான் வரையும் புரோகிராம் ஒன்று இருந்தது. ஊரில் பழகியது போல இல்லை. பெரிய படத்தைத் திறந்தால் திணறும். அதனோடு மல்லுக்கட்டியே கற்றுக்கொண்டாள். பக்கத்துப் போபோடியில் சின்னச் சின்ன வீடுகள் கட்டித்தரும் கோவிந்தராஜ் பொங்கல் விழா ஒன்றில் அறிமுகமானார். ஒரு பிளானைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு வேறு ஆளைத் தேடவில்லை.

பகலில் பெட்டி அவளுடையது. சாயங்காலம் பாஸ்கர் இன்டர்நெட்டில் ஆபீஸ் நண்பர்களோடு கார் பந்தயம் ஓட்டுவான். இரண்டு வருஷம் எந்தத் தகராறும் இல்லை.

2010இல் ஒரு சனிக்கிழமை, பந்தயத்தைத் திறக்கப் போனவனைத் திரை தடுத்தது. புது அப்டேட் வந்திருந்தது. பாதுகாப்பு காரணமாக, வேறு சிஸ்டம் போட்டுக்கொள்ளும் வசதி இனி நீக்கப்படுகிறதாம். வேண்டாமென்றால் அப்டேட் செய்யாமல் இருக்கலாம். ஆனால் இன்டர்நெட்டில் விளையாட முடியாது.

"வித்தப்புறம் எப்படீங்க எடுப்பாங்க? நம்ம பொருளல்ல இது?" என்றாள் வனஜா.

"எடுக்கறாங்களே. என்ன பண்றது? உன் படத்தையெல்லாம் பென்டிரைவ்ல ஏத்திக்கலாம்."

"ஏத்திட்டு? அதுக்கப்புறம் எதுல வரையறது, செவுத்துலயா? திங்கக்கிழமை கோவிந்தராஜ் சாருக்கு பிளான் குடுக்கோணும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை ரேஸ் ஃபைனல் வனஜா. எங்க ஆபீஸ் ஸ்ரேயஸ் டீமே என்னை நம்பி இருக்கு."

"நான் வேலை பாக்கறேன். நீங்க விளையாடறீங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாக விழுந்தது என்று அவளுக்கே தெரிந்தது. பாஸ்கர் டிவியை அணைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டான். அன்று இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை கோவிந்தராஜ் போன் செய்தார். "அம்மா, பக்கத்து வீட்டுக்காரன் செவுரு நம்ம அளவுக்குள்ள வருது. ஒரு தடவை வந்து பாத்துடுங்களேன்." வனஜா கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அதத் தொடாதீங்க" என்றாள். பாஸ்கர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

போபோடி சந்தில் டேப்பின் ஒரு முனையைக் கோவிந்தராஜ் பிடித்துக்கொள்ள அளந்தபோதும் அவள் மனம் அங்கே இல்லை. மாடிப்படி தள்ளிப்போனால் அடுக்களை சுருங்கும். முழுப் படத்தையும் மாற்ற வேண்டும். பென்டிரைவில் இன்னும் எதையும் ஏற்றவில்லை என்பது திரும்பும் வழியில் ரிக்‌ஷாவில்தான் உறைத்தது. வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கட்கி சிக்னலில் ரிக்‌ஷா நின்றபோது, "பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினாள், அந்த ஆள் சிக்னலை மாற்ற முடியும் என்பதுபோல.

சாவி போட்டுத் திறந்தால் வீட்டில் யாரும் இல்லை. டிவி எரிந்துகொண்டிருந்தது. திரை நடுவில் ஒரு நீலக் கோடு நிரம்பிக்கொண்டே போனது. முக்கால் பாகம் தாண்டியிருந்தது.

பாய்ந்துபோய் பிளக்கில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்டை எடுத்தால் பெட்டியே செத்துப்போகும் என்று பாஸ்கர் ஒருமுறை சொல்லியிருந்தான். இது ஏறிக்கொண்டிருக்கிறதா, இப்போதுதான் இன்டர்நெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறதா? கோட்டுக்குக் கீழே இருந்த எழுத்துகளைப் படித்தாள். ஒன்றும் மனசில் நிற்கவில்லை. மறுபடியும் வார்த்தை வார்த்தையாகப் படித்தாள். இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பிளக்கை விட்டுவிட்டு, பெட்டியின் பின்னாலிருந்த இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். கோடு நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கையில் வடாபாவ் பொட்டலத்தோடு பாஸ்கர் உள்ளே வந்தான். பிடுங்கிய வயரைப் பார்த்தான்.

"டவுன்லோடு மட்டுந்தான் போட்டேன் வனஜா. ஏத்தறதுக்கு முன்னால மறுபடியும் கேக்கும்."

"அது கேக்கும்ங்கறீங்க. நீங்க கேட்டீங்களா?"

அவன் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான். "இல்ல" என்றான்.

அன்று பகல் முழுக்க அவள் மாடிப்படியை மாற்றி வரைந்தாள். பிளான் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. இன்டர்நெட் வயரைச் சுருட்டித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்; பாஸ்கர் கேட்கவில்லை. ஃபைனலில் அவன் இல்லாமல் ஸ்ரேயஸ் டீம் தோற்றது. ஆபீஸில், "பெண்டாட்டிக்குப் பயந்தவன்" என்றார்கள். அந்தக் கோபத்தில் ஒரு மாதம் வீட்டில் பேச்சு வெறும் உப்பு, பருப்பு அளவில்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் பெட்டியின் ஃபேன் கெட்டது. ரிப்பேருக்கு வரும் எதையும் அப்டேட் செய்துதான் திருப்பித் தருவோம் என்றது சர்வீஸ் சென்டர். பாஸ்கர் போனில் ஹிந்தியிலும் மராத்தியிலும் மாறி மாறிக் கத்தினான். "என் மனைவியின் வேலை அதில் இருக்கிறது. யாரைக் கேட்டு அழிப்பீர்கள்?" அவன் இப்படிக் குரல் உயர்த்தி வனஜா பார்த்ததில்லை.

படங்களையெல்லாம் அவள் எப்போதோ பத்திரப்படுத்தியிருந்தாள். கோவிந்தராஜ் மூலம் ஒரு பழைய கம்ப்யூட்டருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

"விடுங்க, எடுத்துக்கட்டும்" என்றாள்.

"அதெப்படி விடறது?" என்றான் பாஸ்கர், போனைக் கையால் மூடிக்கொண்டு. பிறகு அதை மறுபடி காதில் வைத்து, மேனேஜரைக் கூப்பிடச் சொன்னான்.