கடித்த நாய்க்குக் காவல்

பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் தெருநாய் ஒன்று என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவினேன். அதுவரைக்கும் வேண்டியது எங்கள் ஊரிலேயே கிடைத்தது. ஊசி மட்டும் கொடைக்கானலில் இருந்தது. கிளாவரைப் பக்கத்து மலைக்கிராமம் எங்களுடையது. பஸ் ஒழுங்காக ஓடினாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முதல் ஊசியை அன்றே போட்டார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "கடிச்ச நாயைப் பத்து நாள் கவனிங்க. செத்துப்போச்சுன்னா உடனே வந்துருங்க" என்றார். நல்ல மனுஷி. எங்கள் ஊரில் 'உடனே' என்றால் மறுநாள் காலை பஸ் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பழனி அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் என் தங்கை போனில் கேட்டாள். "என்னண்ணே, ஒரு ஊசிக்கு ஒரு நாளா? எங்க வீட்டுக்காரரை நாய் கடிச்சப்ப கடையைக்கூட அடைக்கல. ஒரு எட்டு போய்ப் போட்டுக்கிட்டு வந்துட்டாரு." அவளும் நானும் ஒரே மாவட்டம்தான்.

நாயைத் தாஜா செய்து பிடித்து, பூண்டு காயப்போடும் சாய்ப்பில் கட்டினோம். என் மனைவி வேளாவேளைக்குப் பாலும் சோறும் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் இத்தனை குழைவாக "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நாயோ கடித்ததையே மறந்து, என்னைக் கண்டால் வாலாட்டியது.

இரண்டாவது ஊசிக்குப் போய் வந்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஏழாம் நாள் பஸ் வரவில்லை. ரோட்டில் மண்ணும் மரமும் சரிந்துவிட்டன, எடுக்க மூன்று நாளாவது ஆகும் என்றார்கள். கேரட் மூட்டைகளும் நானும் ரோட்டோரம் வரை போய்த் திரும்பினோம்.

எட்டாம் நாள் காலையில் நாய் சோற்றைத் தொடவில்லை. மூலையில் சுருண்டு கிடந்தது. வெறி பிடித்தால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"ரோடு எப்படிங்க கெடக்கு?" என்றாள் மனைவி.

"அப்படியேதான் கெடக்கு."

"நேத்து கறி போட்டேன். வயித்துக்குச் சேரலையோ என்னவோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நாய் தண்ணீரைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. அப்புறம் மெதுவாக எழுந்து வந்து, சட்டி காலியாகும் வரை நக்கிக் குடித்தது.

எனக்கு மூச்சு வந்தது. அவள் உள்ளே போனாள். ஒரு செம்புத் தண்ணீரோடு திரும்பி வந்து என்னிடம் நீட்டினாள்.

"தாகமில்லை" என்றேன்.

"பரவாயில்ல, குடிங்க."

வாங்கிக் குடித்தேன். கடைசி மடக்கு இறங்கும் வரை அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.