பூட்ட வந்தவரும் வாசலில் மாரியாத்தாளும்

எங்கள் விளாங்குடிக் கைத்தொழில் பள்ளியை இன்று மூடுவதாக இருந்தார்கள். ஓவியமும் மண்பொம்மையும் சொல்லித்தரும் இடம் இனி எதற்கு என்றார்களாம்.

அதிகாரி பூட்டோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

வாசலை முழுசாக அடைத்து, கலர் பொடியில் மாரியம்மன் முகம். தெருப் பெண்கள் சேர்ந்து போட்ட கோலம். கண் வரைந்தது ஓவியம் சொல்லித்தரும் ஸ்டெல்லா டீச்சர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

"இத அழிங்கம்மா, கதவப் பூட்டணும்" என்றார் அதிகாரி.

"ஆத்தா முகத்த நாங்க அழிக்க மாட்டோம். நீங்க வேணா மிதிச்சுட்டுப் போங்க சார்" என்றார் டீக்கடை அண்ணன்.

அதிகாரி தன் ஷூவைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாரேன்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

வரட்டும். நாளைக்குக் கருப்பசாமி, அரிவாளோடு. மீசைக்குத்தான் கறுப்புப் பொடி பத்தாது. வீட்டில் மிச்சம் வைத்திருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.