எண்ணியதைச் சொன்னால் எண்ணிக்கை தவறும்

சென்ற செவ்வாயன்று கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு மல்லிகை கோணலாக மலர்வதைப் பார்த்தேன் — துணியில்தான்!

என் பள்ளித்தோழி ரெஹானாவும் அவளுடைய பங்குதாரர் சுரேஷும் எம்பிராய்டரி இயந்திரம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எனக்கு அங்கே என்ன வேலை? மதியம் சேர்ந்து சாப்பிடலாம் என்று போயிருந்தேன். நான்கு மணிக்குத் தி.நகர் ஜவுளிக்காரர் ஒருவர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால்தான் முதல் ஆர்டர். இயந்திரமோ, வேகம் கூட்டியதும் இதழ்களை இடம் மாற்றித் தைத்தது.

"புரோகிராம் கரெக்டாத்தான் கீது ரெஹானா. மெதுவா ஓட்டுனா சூப்பரா வருதே!" என்றார் சுரேஷ்.

"மெதுவா ஓட்றதுக்கு மிஷின் எதுக்கு? கையாலயே தெச்சுக் குடுத்துடலாம்."

பிறகு எனக்கு விளக்கினாள். மோட்டாரோடு சுழலும் ஒரு வட்டத் தட்டு. அதன் துளைகளைக் கவனிக்கும் இரண்டு சென்சார்கள். ஒவ்வொரு துளை கடக்கும்போதும் சென்சார் ஒரு மின்துடிப்பை அனுப்பும். எது முந்தித் துடிக்கிறது என்பதிலிருந்து சுழலும் திசை தெரியும். துடிப்புகளை எண்ணினால் ஊசி துணியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். எண்ணுவது மென்பொருள் — நூல், பொத்தான், திரை என்று பல வேலைகளுக்கு நடுவே. துடிப்புகள் விரைந்து வந்தால்... சில நழுவிவிடும்.

எங்கே நழுவுகிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வோர் எண்ணும் திரையில் தெரியும்படி செய்தார் சுரேஷ். மல்லிகை இன்னும் கோணியது! எண்ணியதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்து வந்ததை அது தவறவிட்டிருந்தது.

"எண்றதுக்குன்னே தனி சிப் போடலாம்னு ஆரம்பத்துலயே சொன்னேனா இல்லியா?"

"சொன்ன தாயே, சொன்ன. இப்பவாச்சும் போடு. மணி ரெண்டாவுது!"

நமக்கு வேண்டிய மின்சுற்றை நாமே உள்ளே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப் அது. ரெஹானா முன்பே எழுதிவைத்திருந்த சுற்றை அதில் ஏற்றினாள். எண்ணுவதைத் தவிர அதற்கு வேறு கவலை கிடையாது. மென்பொருள் தனக்குத் தேவையானபோது எட்டிப் பார்த்துக்கொள்ளும்.

நான்கு மணி. முழு வேகம். மல்லிகை பிசகாமல் வந்தது. ஜவுளிக்காரர் துணியைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணையும் காணோமே? நம்பர் ஓடுனாத்தானே நம்பிக்கை வரும்?"

சுரேஷ் சிரிப்பை மறைக்க என் பக்கம் திரும்பிக்கொண்டார். ரெஹானா தயங்காமல் திரையை இயக்கினாள். எண்கள் ஓடின, அடுத்த மல்லிகையும் நேராகவே வந்தது. ஆர்டர் உறுதியானது.

வேலையைச் செய்கிறவரிடமே, "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று நிமிடத்துக்கொரு முறை கேட்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அவர் பதில் சொல்லும் நேரத்தில்தான் வேலை நின்றுபோகிறது என்பதை ஒரு தையல் இயந்திரம் எனக்குப் புரியவைத்தது.

இதை என் ஆய்வு நெறியாளரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல உங்களில் யாராவது முன்வருவீர்களா?