தோளில் படியிறங்கும் நாய்க்குட்டி

மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்கில் லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடி ஜிம் மாஸ்டர், எனக்கும் பயிற்சி தருபவர், என்னைவிடச் சின்னப் பையன், தினமும் காலையில் தன் நாய்க்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்குவார். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத உடம்பு. "நாய்க்குக் கூலியாளா?" என்று கேட்டுச் சிரிப்பேன். பள்ளிக்கூடம் எட்டிப் பார்க்காத எனக்கு நக்கல் மட்டும் காலேஜ் வரை வரும்.

நானும் ஒரு நாய்க்குட்டி வாங்கினேன்; அதை வேட்டைநாயாக்கும் ஆசையில் சைக்கிளோடு ஓடவிட்டேன். ஒருநாள் அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. மாஸ்டர் வழிமறித்தார்.

"அண்ணே, பச்சப்புள்ளய மாரத்தானுக்கா கூட்டிட்டுப் போறீய? எலும்பு இன்னும் பிஞ்சு. படி ஏத்தாதீய, குதிக்க விடாதீய, அதுவா நடக்கட்டும். மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க."

"ஜிம்முல மட்டும் இன்னும் பத்து, இன்னும் பத்துன்னு எங்க உசுர வாங்குதீயளே தம்பி?"

"நீங்க வளந்து முடிஞ்ச எருமண்ணே!"

வெறும் சுளுக்குதான் என்று டாக்டர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது.

கால் தேறியதும் குட்டிகளோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினோம். முதல் நாளே என் குட்டி நடுச்சந்தில் உட்கார்ந்துவிட்டது. மாஸ்டரும் அதன் பக்கத்தில் சம்மணம் போட்டார். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். "ருக்கோ பாய், பச்சா தக் கயா" என்று, பிள்ளை களைத்துவிட்டது, கொஞ்சம் பொறு என இந்தியில் சொன்னார் மாஸ்டர்.

எனக்கும் கால் வலித்தது. நானும் உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்கு உக்காருதீய? எந்திரிங்கண்ணே!" என்று அதட்டியவர், குட்டியின் பக்கம் திரும்பி, "நீ மெதுவா வாடா கண்ணு" என்றார்.