இடது கால் ஷூ

என் அப்பா ஓடிலோன் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து பீர்க்கடை ஒன்றில் முப்பத்தொரு வருடம் பரிமாறினார். அந்தக் கடையின் நெட்டைக் கண்ணாடிக் குவளைக்கு அடி உருண்டை. மரத் தாங்கியில்தான் நிற்கும். வெளியூர்க்காரர்கள் குவளையைச் சுருட்டிக்கொண்டு போவதால், அதில் பீர் கேட்டால் ஒரு ஷூவை அடகு தர வேண்டும். ஷூ கூடையில் ஏறி விட்டத்தில் தொங்கும்.

பதினோரு வருடம் முன்பு யெப்பே என்று ஒரு டென்மார்க்காரர் வந்தார். நாற்காலி வடிவமைப்பவர். வடிவமைப்பு அருங்காட்சியகம் பார்க்க, நன்றாகச் சாப்பிட, பீர் குடிக்க மூன்று நாள் பயணம். ஷூவை அடகு வைத்து அந்தக் குவளையில் பீர் வாங்கிக் குடித்தவர், தாங்கியைத் தலைகீழாகப் பிடித்து அளந்து, நோட்டில் வரைந்தார். அன்று நானும் கடையில் இருந்தேன்.

"பாத்தியாடா? அளவெடுக்கிறான்."

"டிசைனர்ப்பா. மரம் எப்படி இணைச்சிருக்குன்னு பாக்குறார்."

"திருடப் போறவனும் அதத்தான் பாப்பான்."

யெப்பே கழிவறைக்குப் போய்த் திரும்பியபோது மேசையில் தாங்கி மட்டும் இருந்தது.

"கிளாஸ் எங்க தம்பி?" என்று அப்பா அவரைக் கேட்டார்.

"நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"பையத் தொற."

பையில் நோட்டும் ஒரு கடுகுச் சாந்து ஜாடியும் இருந்தன. "விடுய்யா ஓடிலோன்," என்றார் முதலாளியம்மா மாரியெட்டா. அப்பா ஷூவை இறக்கவில்லை. யெப்பே ஒரு காலில் வெறும் காலுறையோடு மழையில் நடந்து போனார். நானும் வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு அப்பா வருகிறவர்களின் கால்களையே பார்த்தார். "போலீஸ் நாய் மாதிரி மோப்பம் பிடிக்காதீங்க," என்று ஒருமுறை திட்டினேன்.

ஏப்ரலில் அப்பா இறந்தார். கடையில் அவருடைய அலமாரியைக் காலி செய்யப் போனேன். உள்ளே ஓர் இடது கால் ஷூ. மெழுகு போட்டு மின்னியது. நாடா புதிது. அதன் பக்கத்தில் அந்தக் குவளை.

"மறுநாள் காலைல கிளாஸ் ஜன்னல் திரைக்குப் பின்னாடி இருந்துச்சு," என்றார் மாரியெட்டா. "குடிச்ச எவனோ வச்சிருக்கான். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு உங்கப்பா கெஞ்சினாரு."

"அப்போ கால்களைப் பார்த்தது?"

"அந்த டென்மார்க்காரனத் தேடித்தான். மூஞ்சி மறந்துபோச்சாம். ஷூதான் ஞாபகம்னாரு. ஒத்த ஷூவோட எவன்யா திரும்ப வருவான்னு சிரிச்சேன். அவரு சிரிக்கல."

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன். எதையும் இரண்டு முறை பார்ப்பேன். கோபன்ஹேகனில் நாற்காலி செய்யும் மூன்று யெப்பேக்களுக்கு எழுதினேன்: கென்ட் பீர்க்கடையில் விட்ட ஷூ எந்தக் கால், என்ன அளவு? ஒருவர் மட்டும் பதில் போட்டார். இடது, நாற்பத்து நான்கு. ஷூவைப் புரட்டிப் பார்த்தேன். சரி. மறுபடி பார்த்தேன்.

ஷூவை அனுப்பும் பெட்டியை ஒட்டும் முன் மாரியெட்டா குவளையையும் துடைத்து உள்ளே வைத்தார்.

"இதுக்கு அடகு கேக்காத."

மன்னிப்புக் கடிதத்தில் அப்பா பெயரை எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன்.